பத்து இரவுக்கு ஆறு ஊர்: மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலி போகலாமா?

கேள்வி: நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் முதன்முறையாக ஐரோப்பா போக நினைக்கிறோம். நான், கணவர், மகள் (14), மகன் (9), மாமியார் (71) என ஐந்து பேர். அத்தைக்கு முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு, இரவில் இன்சுலின் போடுகிறார், சுத்த சைவம். ரோம் 3 இரவு, பிளாரன்ஸ் 1, பைசா 1, வெனிஸ் 1, மிலான் 1, பாரிஸ் 3 என்று கணவர் பட்டியல் போட்டிருக்கிறார். மகளுக்கு ஈபிள் கோபுரம், மகனுக்கு எரிமலையில் புதைந்த பொம்பேயி நகரம். "இவ்வளவு செலவு செய்து போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்" என்கிறார் கணவர். "நான் வரவில்லை, உங்களுக்குத்தான் சிரமம்" என்கிறார் அத்தை. இந்தத் திட்டம் சரிவருமா? (செந்தூல் வாசகி)

பதில்:

சரிவராது, சகோதரி. முழங்கால் வலியோடு வரும் 71 வயதுக்காரருக்கு மட்டுமல்ல, 9 வயதுப் பையனுக்கும் இந்தப் பட்டியல் ஒத்துவராது. ஆனால் பட்டியலைத் திருத்தினால் அத்தை தாராளமாக வரலாம். அவரை விட்டுவிட்டுப் போகும் முடிவை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

எத்தனை ஊர் என்று பார்க்காமல், எத்தனை முறை பெட்டி கட்டுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கணவரின் பட்டியலில் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் காலை 10, 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 2, 3 மணிக்கு முன் சாவி கிடைக்காது. நடுவில் ரயில் ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் ஐந்து பேர், ஐந்து பெட்டிகளோடு அரை நாள் போய்விடும். மிலானிலிருந்து பாரிஸ் ரயிலில் சுமார் 7 மணி நேரம், அது முழு நாள். இதில் டிசம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் ரோமில் மாலை 4.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வெளிச்சம் இருக்கும் நம் ஊர்க் கணக்கு அங்கே எடுபடாது. பகலே ஒன்பது மணி நேரம்தான். அதில் பாதியை ரயில் நிலையத்தில் கழித்தால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

என் யோசனை: ரோம் 5 இரவு, பிளாரன்ஸ் 3, வெனிஸ் 2. பெட்டி கட்டுவது இரண்டே முறை. பைசாவுக்குப் பிளாரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம், அங்கே தங்க வேண்டியதில்லை. மிலான் வேண்டாம். பாரிஸும் வேண்டாம். மகளிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஈபிள்தான் முக்கியம் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் பிளாரன்ஸையும் வெனிஸையும் விட்டுவிட்டு ரோம் 5, பாரிஸ் 5 என்று வையுங்கள்; அதுவும் நல்ல பயணம்தான். இரண்டையும் ஒன்றாகத் திணிப்பதுதான் தவறு.

விமானச் சீட்டை 'போக வர' என்று வாங்காமல் 'பல நகரம்' என்ற பிரிவில் தேடுங்கள். கோலாலம்பூரிலிருந்து ரோம் போய், வெனிஸிலிருந்து திரும்புவதுபோல ஒரே பதிவாக எடுக்கலாம். டோஹா, துபாய், இஸ்தான்புல் வழியாகப் போகும் விமான நிறுவனங்கள் இரண்டு ஊருக்கும் பறக்கின்றன. திரும்புவதற்காக வெனிஸிலிருந்து மறுபடி ரோமுக்கு வரும் நாலு மணி நேர ரயில் மிச்சம். பதிவு செய்யும்போதே அத்தைக்குச் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. 'நான் நடப்பேன்' என்று அத்தை மறுப்பார். மாறும் விமான நிலையத்தில் வாயிலுக்கு வாயில் ஒரு கிலோமீட்டர் நடக்க நேரும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து பெயர். நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கடப்பிதழில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று இருக்கும். விமானப் பதிவில் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தையும் காலியாக விட முடியாது. பெரும்பாலும் சொந்தப் பெயரை முதல் கட்டத்திலும் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதுவது வழக்கம். ஏ/எல் எழுத்துகளைச் சேர்ப்பதா விடுவதா என்று உங்கள் விமான நிறுவனத்திடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு ரயில், கொலோசியம், வத்திக்கான், விடுதி எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துங்கள். கொலோசிய நுழைவுச்சீட்டு பெயரிட்ட சீட்டு. வாயிலில் கடப்பிதழோடு ஒப்பிடுவார்கள். ஒன்றில் தந்தை பெயர், மற்றொன்றில் கணவர் பெயர் என்று இருந்தால் சிக்கல். உங்கள் ஐவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் இல்லாததால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கைப்பையில் வையுங்கள். நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு ஒரு வரிசையில் நிற்க நேர்ந்தால் அது உதவும்.

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் (இத்தாலி, பிரான்ஸ் உள்ளிட்ட, பொது எல்லை விதி கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. திரும்பும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. ஆறு மாதம் இருந்தால் விமான நிறுவனத்திடம் வாதாட வேண்டியிராது. பிள்ளைகளின் கடப்பிதழைத்தான் எல்லாரும் பார்க்க மறக்கிறார்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை வந்திருக்கிறது. 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கைரேகை இல்லை. முதல்முறை போகும் உங்களுக்கு வரிசை நீளலாம். இட்டியாஸ் என்ற முன்னனுமதியும் சேர்கிறது. கட்டணம் 20 யூரோ. 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பம் அவர்களுக்கும் உண்டு. புறப்படும் முன் ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். அதே பெயரில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

இந்த எல்லை வரிசையை நினைத்துத்தான் வந்திறங்கும் நாளில் பிளாரன்ஸுக்கு ரயில் எடுக்காதீர்கள் என்கிறேன். மூன்று நான்கு மாதம் முன்பே வாங்கும் மலிவு ரயில் சீட்டுகளை மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ முடியாது. விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்தால் ஐந்து சீட்டும் வீண். முதல் நாள் ரோமிலேயே தங்குங்கள்; அன்று எந்த நுழைவுச்சீட்டும் வேண்டாம். ஊர்களுக்கிடையே ஓடும் அதிவேக ரயில்களில் இருக்கை எண்ணோடு சீட்டு வரும், அதை அப்படியே காட்டலாம். பைசாவுக்குப் போகும் வட்டார ரயில் வேறு. காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறினால், காசு கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருந்தும் அபராதம். 'தெரியாது' என்று சொன்னால் விடமாட்டார்கள்.

ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர, இடையில் நிற்காத ரயில் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு 32 நிமிடம். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏறலாம். நீங்கள் ஐவர் என்பதால் பெரிய வண்டி என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆகவே தங்குமிடத்தை டெர்மினிக்கு அருகில், எஸ்குவிலினோ பகுதியில், சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். விட்டோரியோ சதுக்கத்தைச் சுற்றி வங்காளதேசத்தவர், இந்தியர் நடத்தும் மளிகைக் கடைகள் உண்டு. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். அத்தைக்கு இரவு ஒரு வேளை ரசம் சோறு கிடைத்தாலே பயணம் பாதி சுலபம். வீட்டைப் பதிவு செய்யும் முன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: லிப்ட் உண்டா, தெருவாசலிலிருந்து லிப்ட் வரை எத்தனை படி? பழைய கட்டடங்களில் லிப்ட் இருந்தும் அதை அடைய ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். அங்கே 'முதல் மாடி' என்றால் தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடி. விடுதிக் கட்டணத்தில் சேராத நகர வரியைத் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நேரில் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை.

இப்போது நுழைவுச்சீட்டுகள். கொலோசியத்துக்குப் பெரியவர்களுக்கு 18 யூரோ. ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்க இடிபாடுகள்), அதையொட்டிய பாலட்டைன் குன்று இரண்டும் அதே சீட்டில் அடங்கும், 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்தின் சொந்தத் தளத்தில் 30 நாள் முன்புதான் திறப்பார்கள். அந்த நாளைக் குறித்து வைத்து அன்றே வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எந்த நாட்டவராயினும் இலவசம். ஆனாலும் பிள்ளைகள் இருவருக்கும் பூஜ்யம் விலைச் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். அது இல்லாமல் நேர ஒதுக்கீடு இல்லை. ரோமின் பழைய கோவிலான பாந்தியோனுக்கும் பிளாரன்ஸின் உஃபிட்ஸி, அக்காடெமியா கலைக்காட்சிக்கூடங்களுக்கும் இதே விதிதான். வத்திக்கான் தனி நாடு, அங்கே இந்த இலவசம் இல்லை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும், மாதக் கடைசி ஞாயிறு தவிர. உஃபிட்ஸியும் அக்காடெமியாவும் திங்கள் மூடியிருக்கும். டிசம்பர் 8, 25, 26 தேதிகளில் வத்திக்கான் அருங்காட்சியகம் இல்லை. 25 அன்று கொலோசியமும் இல்லை. ஊர்களுக்கு நாள் ஒதுக்கும் முன் இந்தத் தேதிகளை நாள்காட்டியில் அடித்துவிடுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில். பிற்பகலுக்குச் சீட்டு எதுவும் வாங்காதீர்கள். குடும்பமாகப் போகும்போது காலைச் சீட்டை எப்படியும் எட்டிப் பிடித்துவிடலாம். பிற்பகல் சீட்டோ சாப்பாடு தாமதம், கழிப்பறை, தூக்கம் எல்லாம் சேர்ந்து தவறிப்போகும்.

கொலோசியத்தில் மேல்தளத்துக்கு லிப்ட் உண்டு, அத்தை பார்க்கலாம். ஃபோரத்தின் உள்ளே நிலைமை வேறு. பெரிய பெரிய கருங்கல் பாளங்கள், நடுவே இடைவெளி, முழங்காலுக்கு ஆகாது. அத்தையோடு ஒருவர் கம்பிடோலியோ குன்றுக்கு டாக்சியில் போய், மாநகர மண்டபத்தின் பின்புறத் திண்ணையில் நின்றால் முழு ஃபோரமும் காலடியில் விரியும், காசு இல்லை. மற்ற நால்வரில் மூவர் உள்ளே போகட்டும். பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்: மாக்சென்டியுஸ் மண்டபத்தின் பிரம்மாண்டமான மூன்று வளைவுகள். அந்த இடத்தில்தான் அதற்கு முன் பேரரசன் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறி போன்ற சேரர் துறைகளிலிருந்து யவனர் கப்பலில் ஏற்றிச் சென்ற மிளகு வந்து குவிந்த ஊர் இது. பாடப்புத்தகத்தில் 'யவனர்' என்று படித்த சொல்லுக்கு முகவரி அங்கே இருக்கிறது. வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் நடை நீளம். சக்கர நாற்காலி இரவல் கேளுங்கள், தயங்க வேண்டாம். சிஸ்டைன் தேவாலயத்தில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த விதானம் இருக்கிறது. படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலை, சுடிதார் இரண்டும் பொருந்தும். செயின்ட் பீட்டர் பேராலயத்தின் உச்சிக்கு 551 படி. லிப்டில் போனாலும் 320 படி மிஞ்சும். பிளாரன்ஸ் பேராலயக் குவிமாடத்துக்கு 463 படி, லிப்டே இல்லை. பத்துமலைக்கு 272 என்பதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்துமலையில் அத்தை கீழே உட்கார்ந்துவிடுவார் என்றால் இங்கேயும் கீழேதான். படிக்கட்டு குறுகலானது, பாதியில் திரும்ப வழி இல்லை.

பொம்பேயிக்கு எல்லாரும் போக வேண்டாம். கணவரும் மகனும் மட்டும் ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம்: நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயில் சுமார் 1 மணி 10 நிமிடம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் 'பொம்பேயி ஸ்காவி' நிலையத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம். பொம்பேயி என்ற பெயரில் வேறு நிலையங்களும் உண்டு, ஸ்காவி என்ற சொல்லைப் பாருங்கள். குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு மூடுவார்கள், கடைசி நுழைவு 3.30. காலை ஏழரைக்குள் ரோமை விட்டால்தான் சரிப்படும். அன்று நீங்கள் மூவரும் பாந்தியோன், நவோனா சதுக்கம் என்று நிதானமாக இருங்கள். ஒரு நாள் பிரிந்து போவதால் குடும்பப் பயணம் கெட்டுவிடாது. முடியாதவரை இழுத்துக்கொண்டு போய் எல்லாரும் எரிச்சலோடு திரும்புவதுதான் கெடுக்கும்.

சாப்பாட்டையும் இன்சுலினையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அங்கே உணவகச் சமையலறைகள் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மூடி இரவு 7, 7.30-க்குத்தான் திறக்கும். நம்மூர் மாமாக் கடைபோல எந்நேரமும் அடுப்பு எரியாது. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவருக்கு ஐந்து மணிக்குச் சர்க்கரை இறங்கும். அத்தையின் கைப்பையில் பிஸ்கட், வாழைப்பழம், குளுகோஸ் எப்போதும் இருக்கட்டும். டிசம்பரில் இத்தாலி நம்மைவிட 7 மணி நேரம் பின்தங்கியது; இங்கே இரவு 10 என்றால் ரோமில் பிற்பகல் 3. பயண நாள் அந்த அளவு நீளும் என்பதால் அன்றைய இரவு ஊசியை எப்போது, எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. அங்கே உறைந்து கெட்டுவிடலாம். ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். தேவைக்கு இருமடங்கு எடுத்து, பாதியை உங்கள் பையில் பிரித்து வையுங்கள்.

சைவம் என்று சொன்னால் 'இறைச்சித் துண்டு இல்லை' என்றே அங்கே புரிந்துகொள்வார்கள். சூப், ரிசோட்டோ இரண்டும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் கொதித்தவை. பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளால்தான் உறையவைக்கிறார்கள். மேலே தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை இருக்கும், உலர்ந்த பாஸ்தாவில் வழக்கமாக இருக்காது. அத்தைக்கு நம்பிக் கேட்கக்கூடியது பீட்சா மரினாரா: பெயரில் கடல் இருந்தாலும் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே. பூண்டும் மிளகாயும் எண்ணெயும் சேர்த்த ஸ்பகெட்டியும் அப்படித்தான். நம் நாக்குக்கு நெருக்கமானது. இங்கிருந்து ரசப்பொடி, பருப்புப்பொடி, அவல் கொண்டுபோங்கள். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பால் பொருளையும் பச்சை இலையையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அப்படிக் கொண்டுபோகக் கூடாது, பிடுங்கிவிடுவார்கள்.

கழிப்பறைக்கு ஒரு வழி: எந்தக் காப்பிக் கடையிலும் நின்றபடி ஒரு காப்பி வாங்கிவிட்டு உபயோகிக்கலாம். உட்கார்ந்தால் விலை கூடும். ரோமின் தெருக்குழாய்களில் எந்நேரமும் ஓடும் தண்ணீர் குடிதண்ணீர்தான், போத்தலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிளாரன்ஸில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை; நடந்தே பார்க்கும் ஊர், தரையும் பெரும்பாலும் சமம். அக்காடெமியாவில் உள்ள டேவிட் சிலை 5.17 மீட்டர் உயரம். பைசா கோபுரத்தில் ஏற 8 வயது நிறைந்திருக்க வேண்டும், மகன் ஏறலாம்.

வெனிஸில் பெட்டியும் பாலமும்தான் பிரச்சினை. ஊரில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படி. ரயில் நிலையத்தை ஒட்டிய லிஸ்தா டி ஸ்பாஞ்ஞா தெருவில் தங்கினால் நிலையத்திலிருந்து ஒரு பாலமும் கடக்காமல் அறைக்குப் போகலாம். முதல் எண் படகில் பெருங்கால்வாய் வழியாக சான் மார்க்கோ வரை முக்கால் மணி நேரம். ஒரு முறைச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. மூன்று முறை ஏறினாலே நாள் சீட்டு இலாபம். குளிர்காலத்தில் கடல் ஏறும். 2020 அக்டோபர் முதல் மோசே தடுப்பணை பெரிய ஏற்றங்களைத் தடுக்கிறது. ஆனாலும் தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் சிறு ஏற்றத்துக்கே கணுக்கால் தண்ணீர் நிற்கும். காலையில் அலைமட்ட அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நீர் வடியும் நேரத்தில் போங்கள்.

பணம்: வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைப் புறப்படும் முன் திறந்துவிடுங்கள். அங்கே இயந்திரம் 'ரிங்கிட்டிலா, யூரோவிலா' என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரிங்கிட் என்றால் கடைக்காரரின் மாற்று விகிதம், எப்போதும் நட்டம். டெர்மினி நிலையத்திலும் வத்திக்கானுக்குப் போகும் 64-ஆம் எண் பேருந்திலும் பிக்பாக்கெட் அதிகம். சீட்டு இயந்திரத்தருகே 'உதவி' செய்ய வருபவரிடம் நன்றி சொல்லி விலகிவிடுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது 70 வயதைத் தாண்டியவருக்கு மருத்துவத் தொகை எவ்வளவு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்குக் காப்பு உண்டா என்ற இரண்டையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காலணியை இந்த மாதமே வாங்குங்கள், ரப்பர் அடியோடு, காலுறை போட்டும் விரலுக்கு இடம் இருக்கும்படியாக. அத்தையும் பிள்ளைகளும் அதைப் போட்டுக்கொண்டு வார இறுதிகளில் தித்திவங்சா ஏரியைச் சுற்றட்டும். எவ்வளவு தூரத்தில் அத்தைக்கு உட்காரத் தோன்றுகிறது என்று பாருங்கள். ரோமில் ஒவ்வொரு நாளும் அந்த அளவு நடந்ததும் உட்கார ஓர் இடம் வருமாறு வழியைப் போடுங்கள்.